கேளாமல் கேட்டல்

தமிழில் 'கேள்' என்னும் வினைக்கு இரு பொருள் உண்டு. செவியால் ஏற்பதும் கேட்டல். வாயால் வேண்டுவதும் கேட்டல். பாட்டுக் கேட்டான் என்றாலும் கடன் கேட்டான் என்றாலும் சொல் ஒன்றே. வேறுபட்ட இரு செயல்களுக்கு நம் முன்னோர் ஒரே சொல்லை வழங்கியது ஏன் என்பதை மொழிநூலார் விளக்கட்டும். வீட்டிலே வாழ்கின்ற நமக்கு அதில் ஒரு சிறு உண்மை புலப்படுகிறது. முதற் கேட்டல் நிகழ்வதற்குப் பல சமயங்களில் இரண்டாம் கேட்டல் தேவைப்படுகிறது. ஒரு பாட்டைச் செவியாரக் கேட்க வேண்டுமானால், அதைப் போடும்படி ஒருவரை வாய்விட்டுக் கேட்க வேண்டியுள்ளது. கேட்பவர் இளையவராயின் அது பெரிதன்று. எண்பதை எட்டியவராயின் ஒவ்வொரு கேட்டலுக்கும் ஒரு விலை உண்டு. அவ்விலையைக் கொடுக்க மனமின்றி, எதையுமே கேளாமல் இருந்துவிடும் முதியவர் நம் வீடுகளில் பலர்.

தொலைக்காட்சியோடு இணைந்த ஒலி-ஒளிப் பெட்டி ஒன்றை, அடுத்த அறையிலுள்ள கணினியின் கோப்புறைகளோடு இணைப்பது பற்றி இங்கு எழுதப் புகுந்தேன். பொறியியல் சார்ந்த இச்சிறு செய்திக்கு இலக்கிய மலரில் இடமுண்டோ என்று அன்பர் சிலர் ஐயுறலாம். தமிழகத்துக்கு வெளியே வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் தமிழ் எந்த அறையில் ஒலிக்கிறது, யார் விருப்பத்தால் ஒலிக்கிறது என்னும் வினாக்களோடு அது தொடர்புடையது. ஆதலால் இடமுண்டு என்றே கருதுகிறேன்.

வானொலி ஆண்ட காலத்தில் இவ்வினாக்கள் எழவில்லை. கூடத்து மாடத்தில் ஒரு பெட்டி இருந்தது. அதைத் திருப்புகிறவர் ஒருவர். கேட்பவர் வீட்டிலுள்ளோர் எல்லாரும். தில்லியில் வாசிக்கப்பெற்ற தமிழ்ச் செய்தி காவிரிக் கரைச் சிற்றூரின் அடுக்களை வரை சென்றது. சரோஜ் நாராயணசாமியின் குரல் எழுந்ததும் கடிகாரத்தைச் சரிபார்த்துக் கொண்ட இல்லங்கள் உண்டு. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட் என்னும் ஒலிநாடாப் பேழையை வெளியிட்டது. எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும் அது நம் வீடுகளுக்குள் நுழைந்தபோதும் கூடம் கூடமாகவே இருந்தது. ஒருவர் போட்ட கேசட்டைப் பலரும் கேட்டனர், விரும்பாதவரும் கேட்டனர். இன்றோ ஒவ்வொருவர் கையிலும் ஒரு கைப்பேசி. ஒவ்வொருவர் காதிலும் ஒரு செவிக்கருவி. ஒரே கூடத்தில் நால்வர் அமர்ந்து நான்கு மொழிகளைக் கேட்கலாம். ஒருவர் கேட்பது அடுத்தவர்க்குத் தெரியாது. வசதிதான். ஆயினும் தற்செயலாய்ச் செவியில் விழும் மொழி என்று ஒன்று இருந்தது. அது வீட்டைவிட்டுப் போய்விட்டது.

என் தாயார் 2018-இல் மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள எங்கள் ஊரை விட்டுத் தில்லிக்கு வந்தார். உடன் வந்தவற்றுள் ஒரு தகரப் பெட்டியும் இருந்தது. அதனுள் 112 கேசட்டுகள். தருமபுரம் சுவாமிநாதனின் தேவாரம், காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரம், கிருபானந்த வாரியாரின் சொற்பொழிவுகள், சுப்பு ஆறுமுகத்தின் வில்லிசை, இவற்றோடு உறவினர் குரல்கள் பதிந்த சில பேழைகள். கடல் கடந்து வேலைக்குச் சென்றவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்பும் வழக்கம் அக்காலத்தில் இருந்ததை முதியோர் அறிவர். என் மாமா மஸ்கட்டிலிருந்து அவ்வாறு அனுப்பியவையும் அப்பெட்டியில் இருந்தன. கேசட் ஓட்டும் கருவியோ ஊரிலேயே பழுதாகிவிட்டது.

தில்லி அடுக்ககம் ஒன்றின் நான்காம் மாடியில் பகற்பொழுது எப்படிப்பட்டது என்பதை இங்குள்ள நேயர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. மகனும் மருமகளும் அலுவலகத்தில், பேத்தி பள்ளியில். எதிர்வீட்டு அம்மையார் நல்லவர். எனினும் இருவருக்கும் பொதுவாக இருந்தவை 'அச்சா' என்ற ஒரு சொல்லும் ஒரு புன்னகையுமே. காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை அந்த வீட்டில் தமிழ் பிறக்க வழியில்லை. கைப்பேசியின் கண்ணாடித் திரையோ அவருடைய உலர்ந்த விரலுக்குப் பணிவதில்லை. இரவு நான் திரும்பிய பிறகு, உணவு முடிந்த பிறகு, தாயார் கேட்பார்: "தம்பி, வேலை ஒண்ணும் இல்லேன்னா அந்தத் தேவாரத்தைக் கொஞ்சம் போடுறியாப்பா?"

'வேலை ஒண்ணும் இல்லேன்னா' என்ற அந்த முன்மொழியே நான் மேலே சொன்ன விலை. தன் மகன் வீட்டில், தன் பெட்டியிலிருந்த பாட்டை, தான் கேட்பதற்கு அவர் கட்டிய சுங்கம் அது.

கேசட்டுகளைக் கணினியில் ஏற்றும் பணிக்குக் குறுக்கு வழியில்லை. ஒரு மணி நேரப் பேழையை ஏற்ற ஒரு மணி நேரம் அது ஓடியே ஆக வேண்டும். பழைய கருவி ஒன்றைத் தேடி வாங்கி, நாள்தோறும் இரவில் ஒன்றோ இரண்டோ ஓட்டியதில் மூன்று மாதங்கள் ஆயின. ஏற்றிய பின் அவற்றின் எடையைக் கணக்கிட்டால் வியப்புத்தான் மிஞ்சும். எம்.பி.3 என்னும் முறையில் நொடிக்கு 128 கிலோபிட் என்ற அளவில் பதிந்தால், ஒரு மணி நேர ஒலி ஏறத்தாழ 58 மெகாபைட் இடத்தையே கொள்ளும். தகரப் பெட்டி நிறைய இருந்த 112 மணி நேரமும் ஆறரை கிகாபைட்டுக்குள் அடங்கிவிட்டது. விரல் நகமளவுச் சில்லு ஒன்றிலே வைத்து இன்னும் இடம் மிஞ்சும்.

ஆனால் சேமிக்கப்பட்ட தமிழ் வேறு. கேட்கப்படும் தமிழ் வேறு. ஒலியெல்லாம் மூலையறைக் கணினியில் இருந்தது. தாயார் கூடத்தில் இருந்தார். இடையே பதினான்கு அடியும் ஒரு சுவரும். பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுவந்து தொலைக்காட்சியில் செருகுவது ஒரு வழி. அதில் எந்நாளும் ஒரு குறை இருக்கும். எதை ஏற்றுவது என்பதைத் தேர்பவன் நான். அவர் விரும்பும் பாட்டு அன்றைக்கு அதில் இராது. ஆகவே மறுபடியும் கேட்க வேண்டும். பகிர்ந்த கோப்புறை என்பது இதற்கு மாறான ஏற்பாடு. அதில் எதுவும் இடம் பெயர்வதில்லை. பிரதி எடுப்பதும் இல்லை. கோப்பு கணினியிலேயே இருக்கிறது. 'இந்தக் கோப்புறையை இன்னின்னார் பார்க்கலாம்' என்று கணினியிடம் ஒருமுறை சொல்லிவைத்தால், வீட்டிலுள்ள மற்றக் கருவிகள் வேண்டும்போது வந்து எடுத்துக்கொள்ளும். ஊர்ப் பொதுக் கிணறு எவர் வீட்டுக்கும் நடந்து போவதில்லை. ஆயினும் எல்லார் வீட்டுக் குடத்திலும் அதன் நீர் இருக்கிறது.

இரு கருவிகள் இவ்வாறு கொடுத்து வாங்க, அவற்றுக்குப் பொதுமொழி ஒன்று வேண்டும். இன்று வீடுகளில் பெரிதும் வழங்குவது எஸ்.எம்.பி. என்பது. 1983-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் என்பவர் வகுத்தது. பின்னர் மைக்ரோசாஃப்ட் அதை மேற்கொண்டு விண்டோஸ் கணினிகள்தோறும் பரப்பியது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-இல் வெளியிட்ட என்.எஃப்.எஸ். மற்றொன்று. 2003-இல் கருவி செய்வோர் பலர் கூடி உருவாக்கிய டி.எல்.என்.ஏ. இன்னொன்று. அந்த அமைப்பு 2017-இல் கலைக்கப்பட்டாலும் அதன் முறை தொலைக்காட்சிகளில் நிலைத்திருக்கிறது. அது எளிது; பெயரும் கேட்காது, கடவுச்சொல்லும் கேட்காது. அந்த எளிமையே அதன் குறையும் ஆகும். வீட்டு இணைப்பில் இருப்பவர் எவராயினும் வழங்கும் எல்லாவற்றையும் காண்பர்.

எஸ்.எம்.பி. மொழியின் வரலாற்றில் தமிழர் எண்ணிப் பார்க்கத்தக்க நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1991-இன் இறுதியில் ஆஸ்திரேலியாவின் கான்பரா நகரில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், யூனிக்ஸ் கணினியும் பிற கணினிகளும் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள வழி தேடினார். அம்மொழியின் இலக்கணம் அவர் கையில் இல்லை. கம்பியின் வழியே கணினிகள் தமக்குள் பேசிக்கொள்வதைக் கூர்ந்து கேட்டு, எந்தச் சொல்லுக்கு எந்த மறுமொழி வருகிறது என்று குறித்து, தாமே அதைப் பேசும் நிரல் ஒன்றை எழுதினார். நூலும் ஆசிரியரும் இல்லாமல் பிரெஞ்சு கற்க விரும்பும் ஒருவன் பிரான்சுக்குப் போய் ஓர் உணவகத்தில் அமர்ந்து பிறர் பேச்சைக் கேட்டே கற்பதற்கு அவர் தம் முறையைப் பின்னாளில் ஒப்பிட்டார். எஸ், எம், பி என்னும் எழுத்துகள் வரிசையாக வரும் சொற்களை அகராதியில் தேடியபோது 'சம்பா' என்ற பெயர் கிடைத்தது. இன்று உலகெங்கும் சேமிப்புப் பெட்டிகள் பலவற்றுள் அமர்ந்திருப்பது அந்தச் சம்பாவே. செவி ஒன்றையே ஆசானாகக் கொண்டு ஒரு மொழியைக் கற்றுவிடலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இச்செய்தி பின்னர் நமக்குப் பயன்படும்.

மொழி அமைந்த பிறகும் நடைமுறையில் மூன்று தடைகள் உண்டு. முதலாவது முகவரி. வீட்டு ரூட்டர் ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.20 என்பது போன்ற ஓர் எண்ணை முகவரியாக வழங்குகிறது. அது நிலையானதன்று, இன்று ஒன்று, சில நாள் கழித்து வேறொன்று. ஆண்டுக்கு ஒரு வாடகை வீடு மாறிக் கடிதங்களைத் தவறவிட்ட தில்லித் தமிழர்க்கு இத்துன்பம் புதிதன்று. பழைய முகவரிக்குப் போகும் பெட்டி, கணினியைக் காணாது 'இணைக்க இயலவில்லை' என்று சொல்லி நிற்கும். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் அக்கணினிக்கென ஓர் எண்ணை ஒதுக்கிவைத்தால் இத்தொல்லை தீரும்.

இரண்டாவது தடை உறக்கம். மின்சாரத்தைச் சேமிப்பதற்காகக் கணினிகள் சிறிது நேரம் தொடுவாரற்று இருப்பின் உறங்கிவிடும். உறங்கும் கணினி எந்த அழைப்புக்கும் விடை தராது. பகல் இரண்டு மணிக்கு ஒருவர் பாட்டுக் கேட்க வேண்டுமாயின், மூலையறைக் கணினி பகல் இரண்டு மணிக்கு விழித்திருக்க வேண்டும். திரை அணையலாம், உள்ளே உயிர் அணையலாகாது. அமைப்பில் அதற்குரிய இடத்தில் 'ஒருபோதும் உறங்காதே' என்று குறித்தால் போதும். கொடுக்க ஒப்புக்கொண்டவன், பெறுபவர் வரும் வேளையில் விழித்திருக்கக் கடமைப்பட்டவன் என்னும் இந்நெறி மனிதர்க்கும் பொருந்தும்.

மூன்றாவது, மொழியின் மூப்பு. எஸ்.எம்.பி.யின் முதற் பதிப்பில் இருந்த ஓட்டை ஒன்றின் வழியே 2017 மே மாதத்தில் 'வான்னாகிரை' என்னும் நச்சுநிரல் பரவி, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் உள்ளிட்ட பல இடங்களில் கணினிகளை முடக்கியது. அவ்வாண்டின் பிற்பகுதி முதல் புதிதாக நிறுவப்படும் விண்டோஸ் 10 அந்தப் பழைய பதிப்பைப் பொதுவாகத் தன்னோடு கொண்டுவருவதில்லை. சம்பாவும் 2019-இல் அதைத் தன்னியல்பில் நிறுத்திவிட்டது. எங்கள் வீட்டுப் பெட்டி 2014-இல் வாங்கியது. பழைய பேச்சு ஒன்றே அறிந்தது. புதிய கணினி அப்பேச்சைக் கேட்டும் வாய் திறக்கவில்லை. பழைய பதிப்பைத் தேடி மறுபடி இயக்கிவிடுமாறு பலர் கூறுவர். அது வசதிக்காகக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பது போன்றது. பெட்டியை மாற்றுவதே முறை. அதே காரணத்தால், பகிர்வு நடைபெறும் 445 என்னும் எண்ணுடைய வாயிலை வீட்டுக்கு வெளியே இணையத்தின் பக்கம் ஒருபோதும் திறந்துவிடலாகாது.

உள்ளங்கையளவுக் கணினியாகிய ராஸ்பெரி பை 2012 முதல் விற்பனையில் உள்ளது. அதில் 'கோடி' என்னும் இலவச நிரலை ஏற்றினேன். 2002-இல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காகத் தொடங்கி, 2014-இல் இப்பெயர் பெற்ற நிரல் அது. தமிழில் எழுதும்போது மூலைக்கும் கோடி, பெருந்தொகைக்கும் கோடி. மூலையறைப் பெருஞ்செல்வத்தைக் கூடத்துக்குக் கொணரும் நிரலுக்கு அப்பெயர் நன்றாகவே பொருந்துகிறது. தொலைக்காட்சியின் ரிமோட்டே இச்சிறு கணினியையும் இயக்கும் என்பது இதிலுள்ள பெருநன்மை. தாயார் புதிதாக எதையும் கையில் எடுக்க வேண்டியிருக்கவில்லை. மேல், கீழ், வலம், இடம், நடுவே 'சரி': ஐந்து பொத்தான்கள் போதும்.

இனிச் சொல்லப்போவது பூட்டுகளைப் பற்றி. பொறியியல் நூல்கள் இதை ஒரு பக்கத்தில் முடித்துவிடும். எனக்கோ இப்பணியில் அதிக நேரம் கொண்டது இதுவே. விண்டோஸ் கணினியில் பகிர்ந்த கோப்புறைக்கு இரு பூட்டுகள் உண்டு. ஒன்று பகிர்வின் பூட்டு. மற்றது கோப்புறைக்கே உரிய பூட்டு. இரண்டில் எது கடுமையானதோ அதுவே செல்லும். வருபவர் யார் என்றும் கணினி கேட்கும். ஆகவே பெட்டிக்கென ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அமைத்து, அவற்றைப் பெட்டியின் நினைவிலேயே இருத்தினேன். தாயார் அவற்றை அறிய வேண்டுவதில்லை. உரிமை எவ்வளவு? 'படிக்க மட்டும்'. கை தவறி எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஒரு பாட்டும் அழியாது என்பதற்காக.

'படிக்க மட்டும்' என்று தட்டிய பிறகு சிறிது நேரம் அத்திரையையே நோக்கி அமர்ந்திருந்தேன். கேசட்டுகள் யாருடையவை? தகரப் பெட்டி அவருடையது. அதன் சாவி நாற்பதாண்டுக் காலம் அவர் இடுப்பில் இருந்தது. எதை யார் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது என்று முடிவு செய்தவர் அவர். பெட்டி கணினிக்குள் புகுந்த மாத்திரத்தில் சாவி என் கைக்கு மாறிவிடும். அவர் தம் பொருளைப் 'படிக்க மட்டும்' உரிமை பெற்ற விருந்தினர் ஆவார். இது தொழில்நுட்பத்தின் குற்றமன்று. பகிர்வு எங்கே நிகழ்ந்தாலும் உரியவர் யார் என்னும் வினாவுக்கு முதலில் விடை கண்டாக வேண்டும்.

ஆகவே உறவினர் குரல்கள் அடங்கிய பேழைகளை ஏற்றத் தொடங்கும் முன்பே அவற்றைத் தாயார் முன் பரப்பினேன். "இதெல்லாம் கூடத்துல எல்லாருக்கும் கேக்கும்மா. எதெதைப் போடலாம்னு நீங்களே சொல்லுங்க" என்றேன். அவர் கண்ணாடியை அணிந்துகொண்டு ஒவ்வொன்றாக எடுத்து, மேலே எழுதியிருந்ததை வாசித்து, இரண்டாகப் பிரித்தார். ஒரு பக்கம் பதினாறு, மறுபக்கம் மூன்று. மூன்றும் மஸ்கட்டிலிருந்து வந்தவை.

"நிலம் பிரிச்சப்போ எங்க அண்ணன் என்னைக் கோபமாப் பேசி அனுப்புனது. அப்புறம் அவரே வருத்தப்பட்டாரு. உன் பொண்டாட்டியும் பிள்ளையும் அதைக் கேக்க வேணாம்" என்றார்.

"அப்படின்னா இதை ஏத்தாம விட்டுடலாமாம்மா?"

"வேணாம். அவர் குரல்னு வேற எதுவும் எங்கிட்ட இல்லை."

அந்த மூன்றையும் ஏற்றினேன். ஏற்றும்போது ஒலியை முற்றிலும் தணித்துவிட்டேன். திரையில் அலைகள் மட்டும் உயர்ந்து தாழ்ந்தன. நான் கேளாமல் பதித்த அம்மூன்று மணி நேரத்தைத் தனிக் கோப்புறையில் இட்டு, அதற்கென வேறொரு பயனர் பெயர் அமைத்தேன். கடவுச்சொல்லை அவரே எண்களால் இட்டார். நான் சுவரைப் பார்த்து நின்றேன். 'நினைவில் கொள்' என்று பெட்டிக்குச் சொல்லாமல் விட்டதால், அந்தக் கோப்புறையைத் திறக்கப் பெட்டி கடவுச்சொல்லைக் கேட்கும். அதில் மட்டும் அவருக்கு எழுதவும் அழிக்கவும் முழு உரிமை கொடுத்து, கோப்பு நீக்கும் வசதியையும் பெட்டியில் இயக்கினேன். பொதுக் கோப்புறையின் 'படிக்க மட்டும்' பூட்டு மற்றவற்றைக் காத்துக்கொள்ளும். கணினியின் நிர்வாகி என்ற முறையில் நான் எக்கதவையும் திறக்க வல்லவன் என்பது உண்மை. திறப்பதில்லை என்பது கணினியில் எழுதப்படாத உடன்படிக்கை. அந்த மூன்றில் இன்று எத்தனை எஞ்சியுள்ளன என்பது எனக்குத் தெரியாது.

கேளாமல் கேட்கும் வழியைத் திறப்பதற்கு முன்னால், கேட்டே ஆக வேண்டியது ஒன்று உண்டு என்பதை அன்று உணர்ந்தேன். கேள் என்னும் சொல்லின் இரு பொருளும் அங்கே மறுபடியும் சந்தித்துக்கொண்டன.

எஞ்சியது எழுத்துச் சிக்கல். பழைய பெட்டிகள் பலவற்றில் தமிழ்ப் பெயர்கள் வெற்றுக் கட்டங்களாகத் தெரியும். புதியதில் எழுத்துத் தெரிந்தாலும் கூடத்தின் மறுகோடியிலிருந்து தாயாரின் கண்ணுக்கு அது எட்டவில்லை. ஒவ்வொரு கோப்புறையிலும் 'ஃபோல்டர்' என்று ஆங்கில எழுத்தில் பெயரிட்ட படக்கோப்பு ஒன்றை வைத்தால், கோடி நிரல் பெயரோடு அப்படத்தையும் பெரிதாகக் காட்டும். தேவாரத்துக்குக் கோபுரம், வாரியாருக்கு அவர் திருமுகம், நாகசுரத்துக்கு நாகசுரம், வில்லிசைக்கு வில். உறவினர் குரல்களுக்கு அவரவர் புகைப்படம். எழுத்தறியும் முன் குழந்தை படம் பார்த்துப் படிப்பதுபோல, எழுத்து மங்கிய பின்னும் படம் உதவியது. வரிசைப்படுத்துவதிலும் ஒரு நுட்பம் உண்டு. 1, 2, 10 என்று பெயரிட்டால் கருவிகள் சில 10-ஐ 2-க்கு முன் கொண்டுவந்துவிடும்; 01, 02, 10 என்று இட்டால் வாரியாரின் கதை முறை பிறழாது நடக்கும்.

முதல் நாள் காலையில் அவருக்குக் காட்டிக் கொடுத்துவிட்டு அலுவலகம் சென்றேன். மாலையில் அவர் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை, நானும் வினவவில்லை. அன்றிரவு உணவுக்குப் பின் 'வேலை ஒண்ணும் இல்லேன்னா' என்ற சொல் எழவில்லை. பிறகும் எழவில்லை. அதுதான் எனக்குக் கிடைத்த செய்தி. சில வாரங்களுக்குப் பின் எதிர்வீட்டு அம்மையார் படிக்கட்டில் என்னை நிறுத்தி, பகலில் உங்கள் வீட்டில் ஒலிக்கும் அந்தக் குழல் என்ன கருவி என்று கேட்டார். நாகசுரம் என்றேன். அவர் அச்சொல்லைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். இப்போது மதிய வேளையில் சில நாள் அவரும் வந்து அமர்கிறார் என்று பின்னர் அறிந்தேன்.

பேத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ் கற்பிக்க அவளை உட்கார வைத்த ஞாயிற்றுக்கிழமைகள் பலவும் கண்ணீரில் முடிந்தவை. நான்கு மணிக்குப் பள்ளிவிட்டு வருபவள் கூடத்து மேசையில் வீட்டுப்பாடம் எழுதுவாள். அப்பாயி வில்லிசை கேட்டுக்கொண்டிருப்பார். வில்லிசையில் கதை சொல்பவர் ஒரு செய்தியை நிறுத்தும்போது பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடுவது மரபு. ஒரு நாள் விடுமுறையில் வீட்டிலிருந்தேன். கதை நிற்கும் இடந்தோறும், எழுதும் தாளிலிருந்து தலை நிமிராமலே, சிறுமியின் குரலில் ஓர் 'ஆமா' எழுந்தது. வில்லிசைக் குழுவின் 'ஆமா'வும் அவள் 'ஆமா'வும் ஒரே தாளத்தில் விழுந்தன. அவளுக்கு எவரும் அதைக் கற்பிக்கவில்லை. கேள் என்று எவரும் சொல்லவும் இல்லை. கான்பராவின் மாணவர் கம்பியருகே அமர்ந்து கேட்டுக் கற்றதுபோல் அவள் மேசையருகே அமர்ந்து கற்றிருந்தாள். பாடமாக வந்தபோது மறுத்த மொழியை, பக்கத்து ஒலியாக வந்தபோது ஏற்றுக்கொண்டாள். காதுக்குள் செருகிய கருவியால் இது நேர்ந்திராது, கூடம் வேண்டும்.

'கேள்' என்பதற்கு மூன்றாம் பொருள் ஒன்றும் பழந்தமிழில் உண்டு. உறவுக்கும் நட்புக்கும் அது பெயர். கேளிர் என்றும் கேண்மை என்றும் வழங்குவன அதன் கிளைகள். ஒருவர் கேட்பதை மற்றவரும் கேட்கின்ற கூடத்தில், அந்த மூன்றாம் பொருள் எவ்வாறு பிறந்திருக்கும் என்பதை உணர்வது கடினமன்று.

நம் சங்கத்தைச் சேர்ந்த இல்லங்கள் பலவற்றில் இன்னும் தகரப் பெட்டிகள் உண்டு. பரண்மேல் கேசட்டுகள் உண்டு. நாடாக்கள் ஆண்டுதோறும் தேய்கின்றன; ஓட்டும் கருவிகளும் அரியவாகி வருகின்றன. ஆகவே காலம் தாழ்த்தாமல் அவற்றைக் கணினியில் ஏற்றுக. ஏற்றியதை ஒரே தட்டில் விடாது, வேறொரு தட்டிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்க. தட்டுகளும் ஒரு நாள் நின்றுபோகும். ஏற்றிய செல்வம் மூலையறையிலேயே முடங்காமல் கூடத்துக்கு வர வழி செய்க. அதற்கு ஒரு சிறு கணினியும், நிலையான முகவரியும், உறங்காத மூலமும், அளவறிந்து இட்ட பூட்டும் போதும். வேலை ஓரிரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். தொடங்கும் முன் மட்டும், பெட்டிக்கு உரியவரிடம் ஒரு சொல் கேட்டுவிடுக.